எடைமேடையில் ஜனவரி ஒன்று

சாயங்காலம் விழுந்த இடியில்
எடைமேடைக் கம்ப்யூட்டர் தன் பெயரையே மறந்துவிட்டது.
ஒன்பது மணிக்கு முதல் லோரி வந்தது.
பதினொன்றுக்குள் ஆலை கேட்டிலிருந்து
சாலை முக்குவரை வால்.
செம்பனைப் பழத்துக்குக் காத்திருக்கத் தெரியாது.
குலை தரையில் விழுந்த நொடியிலேயே
உள்ளுக்குள் புளிக்கத் தொடங்கிவிடும்.

லாபிஸ் டவுனில் ஆ செங் கடைப் போன்
அடித்து அடித்து ஓய்ந்தது.
அலமாரியில் அவன் விட்டுப்போன மூன்று டிஸ்கெட்டுகள்.
கட்டியிருந்த ரப்பர்பேண்ட் உருகி
முதலாவதன் முதுகில் ஒட்டிக்கிடந்தது.
பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட ஊரில்
ரப்பர் தன் பாக்கியை இப்படித்தான் வசூலிக்கும்.

நுழைத்தேன்.
டக். டக். கர்ர்ர்.
சோற்றில் கல் கடித்த சத்தம்.
கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது:
இதில் ஒன்றுமில்லை, வேறு போடு,
ஏதாவதொரு விசையைத் தட்டு.
தட்டினேன்.
அதே வரி.

தகரக் கதவை நகத்தால் தள்ளினால்
பழுப்பு வட்டில் தேமல் மாதிரி வெள்ளைப் பூஞ்சை.
பதினொரு டன்னோடு நிற்கும் சன்னாசி
உள்ளே வந்து டார்ச் பிடித்தார்,
எண்ணெய்க் கை எதிலும் பட்டுவிடாமல்
மற்றதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.
முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது, பஞ்சும்.
நடுக் குமிழை விரலால் கொஞ்சம் திருப்பி
கொஞ்சம் துடைத்து
கொஞ்சம் திருப்பி

"செத்துப்போச்சா?"

"இல்ல. எழுந்ததும் மொதல்ல வாசலைத்தான் பார்க்கும்,
யாராச்சும் வந்திருக்காங்களான்னு.
இல்லேன்னாதான் உள்ளுக்குள்ள தேடும்.
இப்ப உள்ள ஒண்ணுமில்ல, அதான்."

அவர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்,
தெரிந்தவர் வீட்டு நோயாளியைப் பார்ப்பதுபோல.

மூன்றாவது தடவை கர்ர் நின்றது.
சீரான உறுமல், பச்சை விளக்கு,
எழுத்துகள் மளமளவென்று ஏறின.
"கெளம்பிருச்சுடா!" என்று சன்னாசி இருட்டைப் பார்த்துக் கத்த
எங்கோ ஒரு லோரி ஹாரன் அடித்தது.

அப்புறம்தான் அது கேட்டது.

அதன் பாட்டரி செத்து எத்தனை நாளோ.
அதன் கணக்கில் இன்றைக்கு
ஜனவரி ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
தப்பென்றால் சரியான தேதியைச் சொல்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.
ஜூலை பிறந்து நாற்பது நிமிடம்.
அறிவிப்புப் பலகையில் மேனேஜர் கையெழுத்துடன்:
ஜூலை ஒன்று முதல் டன்னுக்கு முப்பத்தெட்டு வெள்ளி குறைவு.

கொசுவலைக்கு வெளியே முகங்கள்.
ஆறு ஏக்கர்காரர் ஹாஜி யூசோப்
கையில் பையோடு மைலோ, குடிக்காமல்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
சன்னாசிதான், டார்ச்சை அணைத்துக்கொண்டே சொன்னார்:
"நாங்க வந்தது ஜூன்ல, கிராணி.
நின்னுபோனது ஒன் மெஷின்."

என் சம்பளச் சீட்டிலும் அதே கையெழுத்துதான்.
திரையில் சிறு கோடு மின்னி மின்னி
பதிலுக்கு நின்றது.

ஜூன் முப்பது, தொண்ணூற்றொன்பது.
மணி: இருபத்தொன்று பத்து.

எதிர்க்கேள்வி ஒன்றுமில்லை.
இரண்டாவது டிஸ்கெட்டைப் போடு என்றது.

ஒன்றே முக்காலுக்கு முதல் டிக்கெட்
அச்சு ஊசிகள் கீச்சிட வெளியே வந்தது.
சன்னாசி தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.
அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது:
நான் சொன்ன நேரம் நின்றுகொண்டிருக்காது.
அதுவும் ஓடும்.
இங்கே மூன்றரை அடித்தால்
அதற்குள்ளும் ஜூலை பிறந்துவிடும்.

ஏறு, நிறுத்து, இறங்கு, அடுத்தது.
இத்தனை வேகமாக அந்த மேடையில்
லோரிகள் ஏறிப் பார்த்ததில்லை.
நடுவில் சிங்கப்பூர் ரயில் கடந்தது,
ஒருவரும் திரும்பவில்லை.

கடைசியாக ஹாஜி யூசோப்.
டயர் மேடையைத் தொடும்போது
திரையின் மூலையில் நாலு சுழியங்கள்.
எண்கள் மெல்ல ஏறி அடங்கின: மூன்றே கால் டன்.
அவர் கதவைத் திறந்து இறங்கவில்லை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
நேரே பார்த்தபடி இருந்தார்.

சுவிட்ச்சை அணைத்தேன்.
பத்துவரை எண்ணினேன்.
மறுபடி போட்டேன்.

இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது.